முதுமையின் உரிமையும் நமது சாட்சியமும்

(நாகலாபுரத்தில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவும் செலவும் உங்கள் முன் வைக்கப்பட்டன. பள்ளிவாசலின் கூரை பழுது பார்க்கப்பட்டதையும், மக்தபின் பிள்ளைகளுக்குக் கிதாபுகள் வாங்கப்பட்டதையும் கேட்டு மகிழ்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஒரு கடன் நம் பொறுப்பில் நிற்கிறது. அதனை இந்தச் சபையின் முன் சொல்லிவிட்டு, அதன் பின்னரே கோரிக்கைக்கு வரலாம் என்று எண்ணுகிறோம்.

நாம் எழுத மறுத்த ஒரு கடிதம்

2019-ஆம் ஆண்டு, மிளகாய்ப் பழம் பறிக்கும் மாசி மாதம். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது நம் மஹல்லாவின் மூதாட்டி ஒருவர் வாசற்படியின் ஓரத்தில் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். காடுகளில் பருத்தி எடுத்தும், மிளகாய் பறித்தும், மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியும் பிள்ளையை வளர்த்தவர். முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்ய வேண்டும், தமக்கு ஆதரவு இல்லை என்று ஜமாஅத் லெட்டர் பேடில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்.

நாம் மறுத்தோம். அவருக்கு ஒரு மகன் இருந்தான். வளைகுடா நாட்டில் வேலையிலிருந்தான். ஆதரவு இல்லை என்று எழுதினால் அது பொய்ச் சாட்சியம் ஆகிவிடும் அல்லவா என்று மார்க்கம் பேசினோம். “மகனிடம் கேளுங்கள் அம்மா, அவன் மீது அது கடமை” என்று அறிவுரையும் சொன்னோம். அவர் மறுவார்த்தை பேசாமல் போய்விட்டார். நாம் ஒரு பாவத்திலிருந்து தப்பிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்பினோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021-இல், அவர் மறுபடியும் வந்தார். இம்முறை கையில் ஒரு கோல் இருந்தது. அவர் சொன்ன சொற்கள் இன்றளவும் நம் காதில் ஒலிக்கின்றன: “ஹஜ்ரத், எனக்கு மகன் இருக்கான்னு எழுதுங்க. வீட்டுல சோறு இல்லேன்னும் எழுதுங்க. ரெண்டுமே உண்மைதானே.”

விசாரித்தோம். மகன் வேலை இழந்து, நிறுவனத்திடமிருந்து சம்பளம் பெற முடியாமல், ஊர் திரும்பப் பயணச் செலவுக்கும் வழியின்றி அங்கே தன் வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடிக் கொண்டிருந்தான் என்பது தெரிய வந்தது. தாயை மறந்த பிள்ளை அல்லன் அவன். தாய்க்கு அனுப்ப ஏதும் இல்லாத பிள்ளை. அதனை அந்தத் தாய் யாரிடமும் சொல்லவில்லை. மகனுடைய மானத்தைத் தம் பசியால் மூடி வைத்திருந்தார்.

அன்றே அவர் சொன்னபடி இரண்டு உண்மைகளையும் எழுதிக் கொடுத்தோம். மனு ஒருமுறை திரும்பி வந்தது. மீண்டும் கொடுக்கப்பட்டு, 2022-இன் தொடக்கத்தில் ஆணை கிடைத்தது. மாதம் 1000 ரூபாய். ஓராண்டு அதனைப் பெற்றார். 2023 ஆகஸ்டில் அத்தொகை 1200 ரூபாயாக உயர்ந்தபோது அவர் உலகில் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் முதலில் மறுத்ததற்கும் பின்னர் எழுதியதற்கும் இடையே இரண்டு ஆண்டுகள். மாதம் 1000 வீதம் 24,000 ரூபாய். இத்தொகை எந்தப் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அல்லாஹ் அறிவான். இறைமறையின் 4-ஆம் அத்தியாயம், சாட்சியம் நமக்கோ நம் பெற்றோருக்கோ பாதகமாக இருப்பினும் நீதியில் நிலைத்து நிற்கும்படி பணிக்கிறது. நாம் அதனை ஓதிக்கொண்டே பாதிச் சாட்சியத்தை மறைத்தோம். அதனால்தான் இவ்வாண்டு நம் ஜமாஅத் முதியோர் விவகாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு நிற்கிறோம்.

மகனின் கடமை, அரசின் கடமை

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் மீது கடமை என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. இறைமறையின் 17-ஆம் அத்தியாயம், முதுமையடைந்த தாய் தந்தையரிடம் ஒரு சலிப்புச் சொல்லையும் உதிர்க்காதிருக்கக் கட்டளையிடுகிறது. முதியோரைக் கண்ணியப்படுத்தாதவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இவையெல்லாம் நீங்கள் ஜும்ஆ தோறும் கேட்டவை.

ஆனால் பிள்ளையின் மீது கடமை இருப்பதால் ஆட்சியின் மீது கடமை இல்லை என்று நம் முன்னோர் ஒருபோதும் சொன்னதில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியாக விளங்கியவருமான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், அரசின் வருவாய் குறித்து எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் தெருவழியே செல்கையில், பார்வையிழந்த முதியவர் ஒருவர் வாசல் வாசலாக யாசிப்பதைக் கண்டார்கள். விசாரித்தபோது அவர் யூதர் எனத் தெரிந்தது. எது உம்மை இந்நிலைக்குத் தள்ளியது என்று வினவ, வரியும் வறுமையும் முதுமையும் என்று அவர் விடையளித்தார். உமர் (ரலி) அவர்கள் அவருடைய கையைப் பிடித்துத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, இருந்ததைக் கொடுத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. பைத்துல்மாலின் பொறுப்பாளரை வரவழைத்து, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனியுங்கள் என ஆணையிட்டார்கள். இவருடைய இளமையை நாம் உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் வரியும் நீக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, கலீஃபா தம் வீட்டிலிருந்து கொடுத்தது தர்மம். பொதுக் கருவூலத்திலிருந்து கொடுக்கச் செய்தது கொள்கை. தர்மம் அன்றைய பசியை ஆற்றியது. கொள்கை அவரைப் போன்ற அத்தனை பேரையும் அடைந்தது. இரண்டாவது, கொடுப்பதற்கான காரணம் இரக்கம் மட்டுமாக இருக்கவில்லை. இளமையில் உழைத்தவருக்குச் சமுதாயம் பட்டிருக்கும் கடன் அது. மூன்றாவது, அம்முதியவர் எந்த மதத்தவர் என்பது ஆணைக்குத் தடையாகவில்லை.

இனி நம் கரிசல் பூமியை எண்ணிப் பாருங்கள். வானம் பார்த்த இந்த மண்ணில் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மிளகாய் வத்தலும் யாருடைய முதுகு வளைந்ததனால் விளைந்தன? கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி நாடெங்கும் சென்றதே, அதற்குள் குச்சி அடுக்கிய விரல்கள் யாருடையவை? வேலிக்கருவையை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் புகையை விழுங்கியவர்கள் யார்? இவர்களில் பெரும்பாலோருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது, பணிக்கொடை கிடையாது, ஓய்வு பெறும் நாள் என ஒன்றும் கிடையாது. உடல் என்று நிற்கிறதோ அன்றே கூலியும் நின்றுவிடுகிறது. இவர்களுடைய இளமையை இந்நாடு உண்டிருக்கிறது.

உதவித்தொகை வந்த வழி

முதியோருக்கு அரசு பணம் கொடுப்பது புதிய வழக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். 1889-இல் ஜெர்மனி முதியோர் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1908-இல் பிரிட்டன் சட்டம் இயற்றி, 1909 ஜனவரி முதல் எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கத் தொடங்கியது. நம் நாட்டின் அரசமைப்புச் சட்டம் 41-ஆம் பிரிவில், வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு, அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது.

நம் மாநிலத்தில் காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாய் என்ற அளவில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மைய அரசு 1995 ஆகஸ்டு 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயது கடந்த ஆதரவற்றோருக்கு மாதம் 75 ரூபாய் ஒதுக்கியது. 2006-இல் அது 200 ரூபாயாயிற்று. 2007-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கென விரிவாக்கப்பட்டு, இந்திரா காந்தி தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டம் எனப் பெயர் பெற்றது. 2011-இல் வயது வரம்பு 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 வயது கடந்தோருக்கு மட்டும் மையத்தின் பங்கு 500 ரூபாயாக்கப்பட்டது. அதே 2011-இல் தமிழக அரசு, தன் பங்கையும் சேர்த்து வழங்கும் மொத்தத் தொகையை 500-இலிருந்து 1000 ஆக்கியது; 2023 ஆகஸ்டில் 1200 ஆக்கியது.

இங்கே ஓர் இலக்கத்தை மட்டும் நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். 80 வயதை எட்டாத முதியவருக்கு மைய அரசின் பங்கு 2006-இல் 200 ரூபாய். 2025-26 நிதியாண்டிலும் அதே 200 ரூபாய். பாராளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதனை உயர்த்தும்படி பலமுறை பரிந்துரைத்தும் இந்நிலை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் தொடங்கியபோது தமிழகத்தில் ஒருநாள் கூலி 80 ரூபாய். ஆகவே 200 ரூபாய் என்பது இரண்டரை நாள் கூலியாக இருந்தது. 2025-26-இல் அத்திட்டத்தின் ஒருநாள் கூலி 336 ரூபாய். எனவே அதே 200 ரூபாய் ஒருநாள் கூலியின் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. ஆணை எதுவும் போடாமலே, எவரும் கையெழுத்திடாமலே, முதியவரின் பங்கு தேய்ந்துவிட்டது. எஞ்சிய பாரத்தை மாநில அரசு சுமந்த போதிலும், 1200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய்தான்.

முதியோர் தொகையோ பெருகி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயது கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம், நூற்றுக்கு 8.6 பேர். தமிழகத்தில் அது நூற்றுக்கு 10.4. மைய அரசின் வல்லுநர் குழு கணித்தபடி 2031-இல் தமிழகத்தில் நூற்றுக்கு 18 பேர் முதியோராக இருப்பர். இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பெயர்ந்துவிட்ட நம் ஊர்களில் கதவு திறக்கும் கை பெரும்பாலும் முதிய கையாகவே இருக்கிறது.

எழுப்பப்படும் மறுப்புகள்

இவ்விஷயத்தை நிர்வாகக் கூட்டத்தில் பேசியபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை. ஆகவே விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது: அரசு கொடுத்தால் பிள்ளைகள் கடமையை மறந்துவிடுவார்கள் என்பது. பிள்ளை கொடுக்க வேண்டியதை வாங்கித் தரச் சட்டமே உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நமக்கு அது கோவில்பட்டி கோட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம். மனுவை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. முதியோரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடமையை மறந்த மகனுக்கு இச்சட்டம் போதும். ஆனால் நாம் சொன்ன தாயின் மகனைப் போல, கொடுக்க ஏதுமில்லாதவனை எந்தத் தீர்ப்பாயம் கொடுக்க வைக்கும்? ஏழைத் தாயின் மகன் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கிறான். அரசின் தொகை வீட்டுக்குள் வரும்போது, அவனுடைய கையிலுள்ள சிறிதளவு அவன் பிள்ளைகளின் படிப்புக்குச் செல்கிறது. தாய்க்கும் ஒரு டம்ளர் பாலுக்கு மருமகளின் முகம் பார்க்கும் நிலை குறைகிறது.

இரண்டாவது: அரசிடம் கையேந்துவது கண்ணியத்திற்கு இழுக்கு என்பது. யாசகம் இழுக்குத்தான். நாம் சோப்பு போன்ற பொருட்களை வாங்கும்போது வரி செலுத்துகிறோம். கூலிக்காரக் கிழவியும் செலுத்துகிறார். தான் செலுத்திய கருவூலத்திலிருந்து, சட்டம் வகுத்த முறையில் பெறுவது யாசகம் ஆகாது. ஓய்வு பெற்ற அலுவலர் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுகையில் யாரும் அவரை யாசகர் என்பதில்லை. நாமும் அப்படி நினைப்பதில்லை. அலுவலகத்தில் உழைத்தவருக்குப் பெருமையாக இருப்பது காட்டில் உழைத்தவருக்கு மட்டும் சிறுமை ஆவது எங்ஙனம்?

மூன்றாவது: நம்மிடம் ஜகாத் இருக்கிறதே, அது போதாதா என்பது. ஜகாத் நம் மீது கடமை. அதனை எந்த அரசுத் திட்டமும் நீக்கிவிடாது. ஆனால் நம் மஹல்லாவின் ஜகாத் எந்த ஆண்டிலிருந்து வருகிறது? மழை பெய்த ஆண்டிலிருந்து. மழை பொய்த்த ஆண்டில் ஜகாத் குறைகிறது. அதே ஆண்டில்தான் பசி கூடுகிறது. விளைச்சல் போனால் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நாளில் சரிகின்றனர். பரந்த நாட்டின் கருவூலம் ஒரு வட்டாரத்தின் வறட்சியால் வற்றிவிடாது. மேலும், நம் தெருவுக்கு அடுத்த தெருவில், நம்மோடு ஒரே காட்டில் மிளகாய் பறித்த முதியவர், நம் ஜமாஅத்தைச் சேராதவர், அவருக்கு என்ன வழி?

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு ஐந்து கோரிக்கைகள் வரையப்பட்டுள்ளன. அவற்றை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

1. மைய அரசின் பங்காகிய 200 ரூபாய் உயர்த்தப்பட வேண்டும். ஊதியமும் அகவிலைப்படியும் விலைவாசியோடு உயர்வது போல உதவித்தொகையும் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர வழி செய்ய வேண்டும். பாபா ஆதவ் அவர்களும் அருணா ராய் அவர்களும் முன்னின்ற ‘பென்ஷன் பரிஷத்’ 2012 முதல் தில்லியில் எழுப்பிய கோரிக்கையும் இதுவே. குறைந்தபட்சக் கூலியில் பாதி என்பது அவர்கள் கேட்ட அளவு.

2. மகன் இருக்கிறானா என்று கேட்பதை விடுத்து, முதியவருக்கு வாழ்வதற்கு வருமானம் இருக்கிறதா என்பதே விசாரணையில் கேட்கப்பட வேண்டும். குடும்ப அட்டையில் ஒரு பெயர் இருப்பது அடுப்பில் உலை இருப்பதாகாது.

3. தகுதியுடையவர் ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம் என்ற நிலை கூடாது. தகுதி பெற்ற அனைவருக்கும் ஆணை வழங்கும் அளவு நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

4. குறித்த நாளில், ஊரிலேயே தொகை கிடைக்க வேண்டும். 2001 நவம்பர் 28 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் முதியோர் உதவித்தொகையை வழங்கும்படி ஆணையிட்டது. மிளகாய்க் காரத்திலும் கந்தகத்திலும் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதிவதில்லை. பதியாத விரலுக்காகப் பசியோடு திருப்பி அனுப்பாமல், மாற்று வழியில் அடையாளம் கண்டு வழங்க வேண்டும். ரேஷன் பொருட்களை முதியோரின் வீட்டிற்கே கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கப்பட்டது. அரிசியை வாசலுக்குக் கொண்டுவர இயலுமாயின் உதவித்தொகையையும் கொண்டுவர இயலும்.

5. முதியோர் பகலில் கூடியிருக்கவும் உணவும் மருத்துவக் கவனிப்பும் பெறவும் 25 ‘அன்புச் சோலை’ மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவை மாநகராட்சிகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. பிள்ளைகள் பெயர்ந்துபோன கிராமங்களுக்கே அத்தகைய மையம் பெரிதும் தேவை. விளாத்திகுளம் வட்டத்திற்கும் ஒன்று வேண்டும் எனக் கேட்போம்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இரயில் பயணத்தில் 60 வயது கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் சலுகை இருந்து வந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், அது நிறுத்தப்பட்டது. நோய் தணிந்து, எல்லா இரயில்களும் ஓடத் தொடங்கிய பின்னரும் சலுகை திரும்பாமல் ஆண்டுகள் கழிந்தன. முதியோருக்குச் சாலையில் நிற்கக் கால்வலு இல்லை. அவர்களுக்காக நிற்க வேண்டியவர்கள் நாம்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்பவர் தம் வாசலையும் பெருக்க வேண்டும். ஆகவே நமக்கும் சில கடமைகளை விதித்துக்கொள்வோம்.

ஜமாஅத் சார்பில் இளைஞர் ஐவர் கொண்ட குழு அமைக்கப்படட்டும். ஊரில் 60 வயது கடந்த ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று, வயதுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை சரியாக உள்ளனவா எனப் பார்த்து, குறைகளை இ-சேவை மையத்தில் சரிசெய்து, மனுவைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் சேர்ப்பது அவர்களின் பணி. வயது ஓரிடத்தில் 58 என்றும் மற்றோரிடத்தில் 63 என்றும் இருப்பதாலேயே திரும்பிய மனுக்கள் பல. எந்தத் தெரு, எந்தச் சமூகம் என்று பார்க்க வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் பார்க்கவில்லை.

அடுத்த கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கைகளும் தீர்மானமாக முன்மொழியப்பட வேண்டும். நம் ஜமாஅத் மட்டும் தனியே கொடுக்கும் மனுவைவிட, ஊரின் எல்லாச் சமூகத்தாரும் கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானத்திற்கு வலு அதிகம். ஊர்ப் பெரியோரிடம் பேசியிருக்கிறோம், அவர்களும் இசைந்துள்ளனர். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும், சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். ஜமாபந்தி நடக்கும் நாளில் முதியோரை வண்டி வைத்து அழைத்துச் செல்லும் செலவை ஜமாஅத் ஏற்கட்டும்.

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. வாழும் காலத்திலேயே குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கும் அதிகாரம் 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்திற்கு உண்டு. அதற்கு நிபந்தனை ஆவணத்திலேயே தெளிவாக இருப்பது நன்று. ஹிபா குறித்து ஷரீஅத்தின் நுணுக்கங்களும் உள்ளன. ஆகவே கைநாட்டு வைக்கும் முன் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேளுங்கள். தலைக்கு மேலுள்ள கூரையை மட்டும் மூச்சிருக்கும் வரை கைவிடாதீர்கள். துன்புறுத்தப்பட்டால் மறைக்காதீர்கள், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை உங்கள் பேரப்பிள்ளையின் கைபேசியில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

இறுதியாக, நம் சொந்தப் பொறுப்பு. இனி ஜமாஅத் கொடுக்கும் சான்றுக் கடிதத்தில் ஆதரவு உண்டு, இல்லை என்ற ஒற்றைச் சொல் இராது. விசாரணைக்குச் சென்ற இருவர் கண்டதை அப்படியே எழுதுவார்கள்: யார் யார் இருக்கின்றனர், அவர்கள் என்ன வேலை செய்கின்றனர், கடைசியாக எப்போது பணம் வந்தது, அடுப்பு எத்தனை வேளை எரிகிறது. அந்தக் கடிதத்தில் நாம் கையெழுத்திடுவோம். உண்மை முழுமையாக எழுதப்பட்டால் பொய்ச் சாட்சியம் பற்றிய அச்சத்திற்கு இடமில்லை.

வாசற்படியில் நின்ற அத்தாயிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு வாய்ப்புக் கிட்டியது. ஆணை வந்த நாளில் அவர் வீட்டுக்குச் சென்று கேட்டோம். “நீங்க என்ன செய்வீங்க ஹஜ்ரத், அந்தப் பாரத்துல அப்படித்தானே கேட்டிருக்காங்க” என்று சொல்லி நம்மை மன்னித்துவிட்டார். பாரம் மாற வேண்டும் என்று நாம் கேட்பது அதற்காகவே.

இவ்வைந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தை வேண்டிக்கொள்கிறோம். ஆட்சிப் பொறுப்பிலுள்ளோரின் உள்ளங்களில் முதியோர் மீதான நீதியுணர்வை வல்ல அல்லாஹ் வளரச் செய்வானாக! நம் பெற்றோருக்கு நம் கண் முன்னே நிம்மதியை அளிப்பானாக! நம் மஹல்லாவிலிருந்து மறைந்த அத்தாயின் கப்ரை ஒளிமயமாக்கி, நாம் தாமதித்த நாட்களைப் பொறுத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.